பெட்டியின் மேல் உள்ள எண்ணும் பெட்டிக்குள் உள்ள காமிராவும்



உங்கள் பள்ளியின் அறிவியல் மன்றத்துக்கு ஒரு டிஜிட்டல் காமிரா வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் உள்ள கம்பெனியின் பெயரை நீங்கள் இதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. விலையோ குறைவு. ஆனால் அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்துகளில் "48 மெகாபிக்சல்" என்று அச்சிட்டிருக்கிறது. மன்ற உறுப்பினர்கள் இரு கட்சியாகப் பிரிகிறார்கள். "பெயர் தெரியாத காமிரா, உருப்படாது" என்கிறது ஒரு கட்சி. "48 மெகாபிக்சல் என்றால் சும்மாவா?" என்கிறது மற்றொரு கட்சி.

இரு கட்சியினரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். காமிராவைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஒரு காமிராவின் தரத்துக்கு அது எடுக்கும் படமே சான்று. அந்தச் சான்றைப் பெறப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஓர் அளவுகோல், ஒரு டேப், ஒரு கறுப்புத் துணி, ஒரு விநாடிக் கடிகாரம், படங்களைப் பெரிதாக்கிப் பார்க்க ஒரு கணிப்பொறி ஆகியவை இருந்தால் போதும். விற்ற பொருளைத் திரும்பப் பெறக் கடைக்காரர்கள் சில நாட்களே தவணை தருவார்கள். ஆகவே இச்சோதனைகளைக் காமிரா கைக்கு வந்த முதல் நாளிலேயே தொடங்குவது நல்லது.

காமிராவுக்குள் நடப்பது என்ன?

காமிராவின் லென்ஸ், எதிரே உள்ள பொருளின் தலைகீழ் பிம்பத்தை உள்ளே விழச் செய்கிறது என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். பழைய காமிராக்களில் அந்தப் பிம்பம் பிலிம் சுருளின் மீது விழுந்தது. டிஜிட்டல் காமிராவில் அது சிலிக்கானால் ஆன ஓர் ஒளியுணர் சில்லின் மீது விழுகிறது. இச்சில்லின் பரப்பு பல இலட்சம் நுண்ணிய கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒளி பட்டதும் ஒவ்வொரு கட்டத்திலும் எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. ஒளி அதிகமானால் எலெக்ட்ரான்களும் அதிகம். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை சேர்ந்தன என்பதை அளந்து எண்ணாக மாற்றினால், அந்த எண்களின் தொகுப்பே படம்.

இவ்வகைச் சில்லுகளில் முதன்மையானது சி.சி.டி. எனப்படுவது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் 1969இல் இதை உருவாக்கினர். 2009ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசில் இவர்களுக்குப் பங்கு கிடைத்தது. 1975இல் கோடாக் கம்பெனியின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் இச்சில்லைக் கொண்டு ஒரு காமிராவைச் செய்தார். அது எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் 100 வரிசைகள், வரிசைக்கு 100 புள்ளிகள். ஆக மொத்தம் 10,000 புள்ளிகளே இருந்தன. ஒரு படத்தைக் காசெட் நாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. இன்றைய காமிராக்களில் பெரும்பாலும் சிமாஸ் என்னும் வேறு வகைச் சில்லு உள்ளது. ஆனால் ஒளியை எலெக்ட்ரான்களாக மாற்றி எண்ணும் தத்துவம் ஒன்றே.

ஒரு வியப்பான செய்தி: இச்சில்லுக்கு நிறம் தெரியாது! ஒளி எவ்வளவு என்று மட்டுமே அது சொல்லும். இக்குறையைப் போக்கக் கோடாக் கம்பெனியின் பிரைஸ் பேயர் ஒரு வழி கண்டார். அதற்கு 1976இல் காப்புரிமை பெற்றார். கட்டங்களின் மேல் நிறக் கண்ணாடி போன்ற நுண்ணிய வடிகட்டிகளைப் பரப்புவதுதான் அந்த வழி. நான்கு கட்டங்களை எடுத்துக்கொண்டால் இரண்டின் மேல் பச்சை, ஒன்றின் மேல் சிவப்பு, ஒன்றின் மேல் நீலம். பச்சை இரண்டாக இருப்பது ஏன்? பச்சை ஒளியையே நமது கண் மிகக் கூர்மையாக உணர்கிறது. ஒவ்வொரு கட்டமும் ஒரு நிறத்தையே அளக்கிறது. மற்ற இரு நிறங்களையும் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்துக் காமிரா கணக்கிட்டுக் கொள்கிறது. ஆகவே சாதாரண வண்ணப்படத்திலேயே மூன்றில் இரண்டு பங்கு எண்கள் அளக்கப்பட்டவை அல்ல, கணக்கிடப்பட்டவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் உள்ள எண்ணின் இரகசியம் இதில்தான் தொடங்குகிறது.

மோரில் தண்ணீர்

மெகா என்றால் பத்து இலட்சம். பிக்சல் என்றால் படப்புள்ளி. அகலத்தில் 4,000 புள்ளிகளும் உயரத்தில் 3,000 புள்ளிகளும் உள்ள படத்தில் மொத்தம் 1,20,00,000 புள்ளிகள் உண்டு. இது 12 மெகாபிக்சல். அகலத்தில் 8,000, உயரத்தில் 6,000 என்றால் 48 மெகாபிக்சல்.

இப்போது ஒரு தந்திரத்தைக் கவனியுங்கள். சில்லில் 4,000 × 3,000 கட்டங்களே உள்ளன. ஆனால் காமிராவுக்குள் இருக்கும் கணிப்பான், ஒவ்வோர் உண்மைப் புள்ளிக்கும் மூன்று புதுப் புள்ளிகளைத் தானே கற்பித்துச் சேர்க்கிறது. ஒரு புள்ளியின் மதிப்பு 100, அடுத்தது 120 என்றால், நடுவில் 110 என்று ஒன்றை வைத்துவிடுகிறது. இதற்கு இடைக்கணிப்பு என்று பெயர். கோப்பில் இப்போது 48 மெகாபிக்சல் இருக்கும். ஆனால் காட்சியைப் பற்றிய செய்தி ஒரு துளியும் கூடவில்லை. ஒரு படி மோரில் மூன்று படி தண்ணீர் விட்டால் நான்கு படி மோர் ஆகலாம். அதில் உள்ள தயிர் கூடிவிடுமா?

நிறத்தைக் கணக்கிடுவதும் புள்ளியைக் கணக்கிடுவதும் ஒன்றுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றல்ல. நிறத்தைக் கணக்கிடும் போது அவ்விடத்தில் உண்மையாகவே ஒரு கட்டம் ஒளியை அளந்திருக்கிறது. இடைக்கணிப்பில் சேர்த்த புள்ளியின் இடத்தில் எதுவுமே அளக்கப்படவில்லை.

பழக்கமில்லாத எண்கள் எல்லாம் ஏமாற்று என்றும் எண்ணிவிடக் கூடாது. 2002இல் நடந்ததைப் பாருங்கள். லென்ஸ் தயாரிப்புக்குப் பெயர்பெற்ற ஜப்பானின் சிக்மா கம்பெனி, எஸ்டி9 என்ற டிஜிட்டல் காமிராவை வெளியிட்டது. அதன் படத்தில் அகலத்தில் 2,268, உயரத்தில் 1,512 புள்ளிகள். பெருக்கினால் சுமார் 34 இலட்சம். ஆனால் அதில் இருந்த பொவியான் சில்லில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று அடுக்குகள் இருந்தன. சிலிக்கானின் மேற்பரப்பை ஒட்டியே நீல ஒளி உட்கவரப்படும். சிவப்பு ஒளி ஆழம்வரை செல்லும். இவ்வியல்பைக் கொண்டு ஒரே இடத்தில் மூன்று நிறங்களையும் அது அளந்தது. அப்படியானால் அது 34 இலட்சப் புள்ளிக் காமிராவா? மூன்று மடங்கான 1 கோடிக்கும் மேற்பட்ட அளவுகளைச் செய்யும் காமிராவா? இரண்டு விதமாகவும் எண்ணலாம். எண்ணை மட்டும் கேட்டுப் பயனில்லை. எதை எண்ணினார்கள் என்று கேட்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

முதல் சோதனை: கோப்பைப் படித்தல்

வெளியில் சென்று நான்கைந்து படங்கள் எடுங்கள். அவற்றைக் கணிப்பொறிக்கு மாற்றி, படக் கோப்பின் விவரங்களைத் திறந்து பாருங்கள். படத்தின் அகலம், உயரம், துளையின் எண், ஒளி விழுந்த நேரம், லென்சின் குவியத் தூரம் முதலியவற்றைப் பெரும்பாலான காமிராக்கள் படத்துடனேயே எழுதி வைக்கின்றன. இவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பில் 8,000 × 6,000 என்று இருந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். தண்ணீர் விட்ட பிறகு அளந்தாலும் நான்கு படி என்றுதானே காட்டும்?

இரண்டாம் சோதனை: அளவுகோலே நீதிபதி

மில்லிமீட்டர் கோடுகள் கறுப்பாகத் தெளிவாக உள்ள ஒரு வெள்ளை அளவுகோலை எடுத்து, நிழலான பகல் வெளிச்சத்தில் ஒரு சுவரில் ஒட்டுங்கள். காமிராவை ஒரு மேசையின் மேல் அசையாமல் வையுங்கள். கை பட்டு அசையாதிருக்க, சில விநாடி கழித்துத் தானே படமெடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். அளவுகோல் படத்தின் நடுவில் வரட்டும். காமிராவின் திரையைப் பார்த்து, படத்தில் சுவரின் எப்பகுதிவரை தெரிகிறது என்று சொல்லுங்கள். நண்பர் இடக் கோடியிலும் வலக் கோடியிலும் சாக்குக்கட்டியால் குறியிடட்டும். அக்குறிகளின் இடைத்தூரமே காட்சியின் அகலம். அதை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் காட்சியின் அகலம் ஒரு மீட்டர் இருக்குமாறு படமெடுங்கள். பிறகு மேசையைப் பின்னால் நகர்த்தி 1.5 மீட்டர், 2 மீட்டர், 3 மீட்டர், 4 மீட்டர் அகலங்களில் எடுங்கள். கணிப்பொறியில் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, எந்த அகலம்வரை மில்லிமீட்டர் கோடுகள் தனித்தனியாகத் தெரிகின்றன என்று பாருங்கள்.

இதற்குள் இருக்கும் கணக்கு எளியது. ஒரு கறுப்புக் கோட்டையும் அதை அடுத்த வெள்ளை இடைவெளியையும் பிரித்துக் காட்டக் குறைந்தது இரண்டு புள்ளிகள் வேண்டும். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 2 புள்ளிகள். அகலத்தில் 4,000 உண்மைப் புள்ளிகள் உள்ள காமிரா, கணக்குப்படி 2,000 மில்லிமீட்டர், அதாவது 2 மீட்டர் அகலம்வரை கோடுகளைப் பிரித்துக் காட்டலாம். நடைமுறையில் நிற வடிகட்டிகளாலும் லென்சின் குறைகளாலும் இந்த எல்லையை எட்ட முடியாது. அதில் முக்கால் பங்கை, அதாவது 1.5 மீட்டரை எட்டினாலே நல்ல காமிரா எனலாம். அகலத்தில் 8,000 உண்மைப் புள்ளிகள் உள்ள காமிராவாயின் 3 மீட்டரை ஒட்டியாவது கோடுகள் தெரிய வேண்டும். உங்கள் "48 மெகாபிக்சல்" காமிராவில் 1.5 மீட்டருக்கு மேல் கோடுகள் குழம்பி ஒரே சாம்பல் பட்டையாகிவிட்டால், அது 12 மெகாபிக்சல் காமிராவின் வேலையைத்தான் செய்கிறது என்று முடிவு கட்டலாம்.

இங்கே ஒரு பொறி உண்டு, எச்சரிக்கை! சில சமயம் எல்லையைத் தாண்டிய பிறகும் கோடுகள் தெரிவது போல் தோன்றும். அவை பொய்க்கோடுகளாக இருக்கலாம். ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை இடைவெளிகள் என்று எண்ணுங்கள். பத்து இருந்தால் உண்மை. ஆறோ ஏழோ இருந்தால், போதுமான புள்ளிகள் இன்றித் தடுமாறும் காமிரா தானே வரைந்த கோடுகள் அவை.

நடுவில் பார்த்ததும் நின்றுவிடாதீர்கள். அளவுகோலைப் படத்தின் மூலைக்கு மாற்றி மீண்டும் எடுங்கள். மலிவான லென்சுகள் நடுவில் தெளிவாகவும் மூலைகளில் மங்கலாகவும் காட்டுவது வழக்கம்.

மூன்றாம் சோதனை: பாதியாக்கிப் பெரிதாக்குதல்

இலைகள் நிறைந்த ஒரு மரத்தைப் படமெடுங்கள். கணிப்பொறியில் அதன் பிரதி ஒன்றை 8,000 × 6,000 புள்ளிகளிலிருந்து 4,000 × 3,000 ஆகச் சுருக்குங்கள். சுருக்கியதை மீண்டும் 8,000 × 6,000 ஆகப் பெரிதாக்கி, மூலப்படத்துடன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சுருக்கியபோது நான்கில் மூன்று புள்ளிகளை நீங்கள் தூக்கி எறிந்துவிட்டீர்கள். எனினும் இலைகளின் நரம்புகளும் ஓரங்களும் இரு படங்களிலும் ஒன்றுபோலவே இருந்தால், எறிந்த புள்ளிகளில் சரக்கு ஏதும் இல்லை என்பது தெளிவு.

உண்மையாகவே 48 மெகாபிக்சல் சில்லு உள்ள கைபேசிகளும் இப்போது உண்டு. அவற்றிலும் பல, நான்கு கட்டங்களை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தையே வழக்கமாகத் தருகின்றன. இருக்கும் புள்ளிகளைச் சேர்த்துக் குறைத்துக்கொள்வது ஏன்? அதற்கான விடை ஒளியின் இயல்பிலேயே இருக்கிறது.

லென்சும் ஒளியும் விதிக்கும் எல்லை

சிறிய காமிராக்கள் பலவற்றில் உள்ள சில்லின் அகலம் சுமார் 6.2 மில்லிமீட்டர்தான். அதில் 4,000 கட்டங்களை அடுக்கினால் ஒரு கட்டத்தின் அகலம் 1.55 மைக்ரான். 8,000 கட்டங்களை அடுக்கினால் 0.78 மைக்ரான்.

ஒளி அலை வடிவில் செல்வதால், ஒரு துளையின் வழியே நுழையும்போது சற்றுப் பரவுகிறது. இதுவே விளிம்பு விளைவு. இதனால் எவ்வளவு சிறந்த லென்சும் ஒரு விண்மீனைப் புள்ளியாகக் குவிக்காது. ஒரு சிறு வட்டமாகவே குவிக்கும். அவ்வட்டத்தின் விட்டம், ஒளியின் அலைநீளத்தையும் துளையின் எண்ணையும் 2.44ஐயும் பெருக்கினால் கிடைக்கும். பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரான், துளையின் எண் 2.8 எனக் கொள்வோம். விட்டம் சுமார் 3.8 மைக்ரான்! 0.78 மைக்ரான் கட்டங்கள் ஐந்தை அது மூடிவிடும். கட்டங்களை மேலும் பொடியாக்குவதால் படம் அதே அளவுக்குக் கூர்மையாகிவிடாது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

நான்காம் சோதனை: மங்கிய ஒளி

மாலையில் விளக்கேற்றும் நேரத்தில், வீட்டுக்குள் ஒரு வெற்றுச் சுவரைப் பிளாஷ் இன்றிப் படமெடுங்கள். அதே சுவரைப் பகலிலும் எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் மாலைப் படத்தில் மணல் தூவியது போல் புள்ளிகள் தெரியும். இதைப் பட இரைச்சல் என்பர்.

இது ஏன் தோன்றுகிறது? ஒளி, போட்டான் என்னும் துகள்களாக வந்து விழுகிறது. மழைத்துளிகளைப் போல ஒழுங்கின்றி விழுகிறது. முற்றத்தில் ஒரே மாதிரித் தம்ளர்களை வரிசையாக வைத்தால், சிறு தூறலில் ஒன்றில் 8 துளி, பக்கத்தில் 12 துளி என்று வேறுபடும். பெருமழையில் எல்லாத் தம்ளர்களிலும் நீர்மட்டம் ஏறக்குறைய ஒன்றே. கணித விதி இது: சராசரியாக 100 போட்டான்கள் விழும் கட்டங்களில் ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலமான 10, அதாவது 10 சதவீதம். 10,000 போட்டான்கள் விழுந்தால் ஏற்றத்தாழ்வு 100, அதாவது 1 சதவீதம் மட்டுமே.

பெரிய சில்லு, அதிக மழையைப் பிடிக்கும் அண்டா போன்றது. 35 மி.மீ. பிலிம் அளவுள்ள சில்லின் பரப்பு 36 × 24 = 864 சதுர மில்லிமீட்டர். சிறிய காமிராவின் சில்லு 6.2 × 4.6, அதாவது சுமார் 28.5 சதுர மில்லிமீட்டர். முப்பது மடங்கு வேறுபாடு! பெட்டியின் மேல் மெகாபிக்சல் பெரிதாக இருக்கும். சில்லின் பரப்பு பெரும்பாலும் இருக்காது. ஆனால் மாலைப் படத்தின் தரத்தில் பெரும்பங்கு அந்தப் பரப்பினால்தான் அமைகிறது. நான்கு கட்டங்களைச் சேர்த்து ஒன்றாக்குவதும் இதற்காகவே.

சில காமிராக்கள் இரைச்சலை மறைக்கப் படத்தை வழித்துவிடும். அப்போது சுவர் வழவழப்பாகத் தெரியும். ஆனால் துணியின் நெசவும் தலைமுடியும் மெழுகு பூசியது போலாகிவிடும். ஆகவே சுவருக்குப் பக்கத்தில் ஒரு கம்பளித் துணியையும் தொங்கவிட்டு எடுங்கள்.

ஐந்தாம் சோதனை: இருட்டில் என்ன தெரிகிறது?

லென்சைக் கறுப்புத் துணியால் நன்றாக மூடி மூன்று படங்கள் எடுங்கள். படம் முழுவதும் கறுப்பாக இருக்க வேண்டும். பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் மங்கலான புள்ளிகள் தெரிந்தால் அது இயல்பான இரைச்சல். மூன்று படங்களிலும் அதே இடத்தில் ஒரு பிரகாசமான புள்ளி இருந்தால், அந்தக் கட்டம் பழுதுபட்டது. காமிராவைச் சிறிது நேரம் தொடர்ந்து இயக்கிச் சூடாக்கிய பின் மீண்டும் எடுத்தால் புள்ளிகள் கூடியிருக்கலாம். ஒளியே இல்லாவிட்டாலும் வெப்பத்தினாலும் சிலிக்கானில் எலெக்ட்ரான்கள் விடுபடும் என்பதே காரணம்.

இன்னும் மூன்று சிறு சோதனைகள்

நேர்கோடு: கதவு நிலையின் நேரான விளிம்பு, படத்தின் ஓரத்தில் வருமாறு எடுங்கள். அது வெளிப்புறமாக வளைந்து பீப்பாயின் பக்கம் போல் தோன்றினால் அது லென்சின் உருக்குலைவு.

ஜூம்: ஜூம் செய்யும்போது லென்ஸ் நகராமல் படம் மட்டும் பெரிதானால், அது படத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுப்பதே. 4 மடங்கு பெரிதாக்கினால் 16இல் ஒரு பங்கு புள்ளிகளே மிஞ்சும். 12 மெகாபிக்சல் காமிராவில் அது வெறும் ஏழரை இலட்சம்.

தாமதம்: நூறில் ஒரு பங்கு விநாடி காட்டும் கடிகாரத்தைக் கைபேசித் திரையில் ஓடவிட்டு, சரியாக 10.00 வரும்போது பொத்தானை அழுத்துங்கள். படத்தில் 10.40 என்று பதிவாகியிருந்தால் தாமதம் 0.40 விநாடி. உங்கள் விரலின் பிழையும் இதில் கலந்திருக்கும். ஆகவே பத்து முறை செய்து சராசரி காணுங்கள். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிள், விநாடிக்கு 5 மீட்டர் கடக்கிறது. 0.40 விநாடியில் அது 2 மீட்டர் போய்விடும். விளையாட்டு விழாவைப் படமெடுக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய எண் இதுவே.

எச்சரிக்கை: எந்தச் சோதனையிலும் காமிராவைச் சூரியனுக்கு நேராகத் திருப்பாதீர்கள். லென்ஸ் குவிக்கும் வெப்பம் சில்லைக் கெடுத்துவிடலாம். கண்ணால் பார்க்கும் துளையுள்ள காமிராவாயின் கண்ணுக்கும் கேடு.

தீர்ப்பு எழுதுவது எப்படி?

ஒரு காமிராவை மட்டும் சோதித்து "நன்று", "தீது" என்று எழுதினால் அது அறிவியல் ஆகாது. உங்களுக்குப் பழக்கமான வேறொரு காமிராவையோ கைபேசியையோ பக்கத்தில் வைத்து, அதே இடம், அதே ஒளி, அதே நேரத்தில் எடுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். ஒவ்வொரு சோதனையையும் மூன்று முறையாவது செய்யுங்கள். முடிந்தால், எந்தப் படம் எந்தக் காமிராவினுடையது என்று தெரியாத ஒரு நண்பரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள். பெயர் தெரிந்துவிட்டால் கண்ணும் பாரபட்சம் காட்டும்!

முடிவில் இரண்டு கேள்விகளுக்குத் தனித்தனியே விடை எழுத வேண்டும். பெட்டியின் மேல் எழுதியது உண்மையா என்பது ஒன்று. நமக்கு வேண்டிய வேலைக்கு இக்காமிரா பயன்படுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு "இல்லை" என்றும், இரண்டாவதற்கு "ஆம்" என்றும் விடை வரலாம். பகல் வெளிச்சத்தில் செடிகொடிகளைப் பதிவு செய்ய 12 மெகாபிக்சல் தாராளம். ஆனால் 48 என்று நம்பிப் பணம் கொடுத்திருந்தால், கடைக்காரரிடம் பேச உங்கள் நோட்டில் இப்போது அளவுகள் இருக்கின்றன. பெயர் தெரியாத கம்பெனிக்கும் இதனால் நியாயம் கிடைக்கும். நல்ல காமிரா செய்திருந்தால் அளவுகளே அதைச் சொல்லிவிடும்.

சிந்தியுங்கள்

1. அகலத்தில் 6,000 உண்மைப் புள்ளிகள் உள்ள காமிரா, கணக்குப்படி எத்தனை மீட்டர் அகலக் காட்சிவரை மில்லிமீட்டர் கோடுகளைப் பிரித்துக் காட்டலாம்?

2. ஒரு கட்டத்தில் சராசரியாக 400 போட்டான்கள் விழுகின்றன. ஏற்றத்தாழ்வு எத்தனை சதவீதம்?

3. துளையின் எண்ணை 2.8 இலிருந்து 5.6 ஆக மாற்றினால், விண்மீனின் பிம்ப வட்டம் பெரிதாகுமா, சிறிதாகுமா? எத்தனை மடங்கு?

விடைகள்: 1. மூன்று மீட்டர். 2. ஐந்து சதவீதம். 3. பெரிதாகும், இரு மடங்கு.